உள்ளீடற்றது

புதுவயல் அரிசி ஆலையில்
மாதம் ஒரு மூட்டை உமிச்சாம்பல் வாங்குகிறேன்.
"பாத்திரம் விளக்கவா?" என்றாள் முதல் தடவை
சாம்பல் அள்ளும் பஞ்சவர்ணம்.
"உருண்டை பிடிக்க."
"திங்கவா?"
அன்றிலிருந்து அங்கே என் பெயர் உருண்டைக்காரி.

காரைக்குடியில், ஆய்வகத்தில்,
அந்தச் சாம்பலில் சிலிக்காவைப் பிரித்து
மணிமணியாய்த் திரட்டி
ஒவ்வொன்றின் மேலும் பிசின் பூசி
எண்ணூறு டிகிரியில் பிசினைக் கரியாக்கி
காரத்தில் ஊறப்போடுகிறேன்.
மணி கரைந்துபோகும். தோல் நிற்கும்.
எதைச் சுற்றிக் கட்டினேனோ
அதையே வெளியேற்றுவதுதான் வேலை.
உரக்கச் சொன்னால் துரோகம் போலக் கேட்கிறது.

ஒரு தலைமுடியின் தடிமனில்
இருநூறு உருண்டை வரிசையாய் நிற்கும்.
கண்ணுக்கு வெறும் கரித்தூள்.
தும்மினால் ஒரு வார உழைப்பு போச்சு.

ஒன்பதாவது தொகுதியை நுண்ணோக்கியில் பார்த்தால்
பாதிக்கு மேல் நசுங்கல்,
பஞ்சரான பந்துகள்.
உலையைப் பார்த்துக்கொள்ளும் உடையப்பன் சொன்னார்:
"என் பேரைச் சொல்லிக் கூப்பிடாதீங்க மேடம்,
அதான் உடையுது."
தோல் மெலிந்தால் நொறுங்குகிறது,
தடித்தால் எதுவும் உள்ளே நுழைவதில்லை.
நடுவே எங்கோ, ஏழெட்டு நானோமீட்டரில்,
ஒரு நியாயம் இருந்தது.
பதினேழாவதில் அகப்பட்டது.

வெளியூர் விருந்தினர்கள்
கானாடுகாத்தான் போய்வந்து
பூட்டிய மாளிகைகளை நினைத்துக்கொண்டு
"உங்க உருண்டை மாதிரியே" என்பார்கள்.
இல்லை.
இதில் போக்குவரத்து உண்டு.

தாளில் பூசி, எதிரெதிரே நிறுத்தி,
ஒன்றேகால் வோல்ட் கொடுத்து
இடையே ஆலையின் போர் தண்ணீரை ஓடவிட்டேன்,
நாக்கைச் சுருட்டும் தண்ணீர்.
உப்பும் சுண்ணாம்பும் இரண்டாகப் பிரிந்து
பந்தியில் இடம் பிடிப்பதுபோல்
அதனதன் பக்கம் போய் உட்கார்ந்தன.
மீட்டரில் 1840.
பிறகு 1310. பிறகு 905.
விளக்கு வைக்கும் நேரத்துக்கு 390.

மின்சாரத்தை நிறுத்தி
கம்பியை ஒரு சிவப்புப் பல்பில் மாட்டினேன்.
பிடித்த உப்பை விட்டுக்கொண்டே
வாங்கியதில் ஒரு பங்கைத் திருப்பித் தந்தன தாள்கள்.
பதினோரு நிமிடம் எரிந்தது.
உடையப்பன் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார்,
ஒன்றும் சொல்லவில்லை.

சாம்பலுக்குப் போன அடுத்த முறை
இரண்டு லிட்டர் கேன் கொண்டுபோனேன்.
"குடிச்சிடாதே, சோதனை பாக்கி இருக்கு."
பஞ்சவர்ணம் குடிக்கவில்லை.
தோள்வரை அப்பியிருந்த சாம்பல்மேல் ஊற்றி
சோப்பைத் தேய்த்தாள்.

நுரைத்தது.

"இந்தத் தண்ணியிலயா?"
தேய்த்தாள், தேய்த்தாள்.
திரிதிரியாய்த் திரிந்தே பழகிய சோப்பு
முழங்கை வழிய வெள்ளை வெள்ளையாய்ப் பொங்கியது,
அத்தனையும் உருண்டை,
அத்தனையும் தோல் மட்டும்,
என்னுடையதைவிடப் பத்தாயிரம் மடங்கு பெரிசு,
மூன்று நொடி ஆயுசு.
ஒன்றை ஊதி என் பக்கம் விட்டாள்:
"இந்தா, ஒன்னோடது."

போகும்போது கேட்டாள்:
"ஒரு குடம் கொண்டா.
மக தலைக்கு ஊத்தணும்.
சீப்பே எறங்கமாட்டேங்குது."

என் தாள்களுக்கு நாளொன்றுக்கு அரை லிட்டர்.
குடத்துக்குப் பதினைந்து.
மூட்டையை வண்டியில் கட்டிக்கொண்டே
கணக்குப் போட்டேன்.
சரி என்றேன்.