மூன்று சென்ட் குறைவு

கடைக்குள் நுழைந்ததும்
எல்லாமே மின்னின:
கற்கள், கண்ணாடிக் கதவு,
யோரிஸின் நெற்றி வியர்வை,
விலைச்சீட்டைக் கவிழ்த்து வைத்த
ஷ்பீரோவின் நகங்கள்கூட.

ஆன்ட்வெர்ப் ரயில் நிலையத்தை ஒட்டிய சந்து.
வெளியே நவம்பர் மழை.
நிறுத்தியிருந்த சைக்கிள்களின் இருக்கைக்கெல்லாம்
பிளாஸ்டிக் பை தொப்பி.

மடித்த வெள்ளைத்தாளைப் பிரித்தார்.
உள்ளே ஐந்து.
தலைவலிப் பொடி கட்டித் தருகிற மாதிரி இருக்கிறது
என்றேன்.
யாரும் சிரிக்கவில்லை.

"ஒரு காரட். முழுசாக"
என்று முதலாவதை இடுக்கியில் தூக்கினார்.
யோரிஸ் தலையாட்டினான்.
டிராம் பிரேக் பழுது பார்க்கிறவன்;
தேய்மானம் என்றால் வாய் திறப்பான்,
பளபளப்பு என்றால் தலையாட்டுவான்.

என் வேலை வேறு.
மருத்துவமனையின் தரைக்குக் கீழே,
ஜன்னலில்லாத அறையில்
நாளுக்கு நாற்பது பேரின் உள்ளே பார்க்கிறேன்.
வழுக்கி விழுந்தவர்
"ஒன்றுமில்லை, வெறும் வலிதான்" என்று சொல்லும்போதே
மயிரிழை முறிவு எனக்குத் தெரிந்திருக்கும்.

லென்ஸைக் கண்ணோடு ஒட்டிக்கொண்டேன்.
மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று
வாய்வரை வந்துவிட்டது,
கல்லிடம்.

முதலாவதில் ஒரு கீற்று,
இடுப்போரம் தொடங்கி உள்ளே போகிறது.
"நகப்பிடிக்குள் மறைந்துவிடும்" என்றார் ஷ்பீரோ.
மறையும்தான்.
பிடியை இறுக்கும் அன்று
அங்கேதான் உடையும் என்றேன்.
அப்போதுதான் யோரிஸை விட்டுவிட்டு
என்னைப் பார்க்கத் தொடங்கினார்.

இரண்டாவதில் காகபாதம்.
ஒரு சின்னப் பறவை பனியில் நடந்து
நடுவழியில் எழும்பிப் போன தடம்.
அழகாகத்தான் இருந்தது.
குறையை நேசிப்பது பற்றி
வாழ்த்து அட்டைகளில் நிறைய எழுதியிருக்கிறார்கள்.
நான் அதைத் தள்ளி வைத்தேன்.

மூன்றாவதற்கு வயிறு தட்டை.
மேலே விழுந்த வெளிச்சம்
அடிவழியே ஒழுகிவிடுகிறது,
எங்கள் சம்பளத்தைப் போல.

நான்காவதன் விலையைக்
குரல் தாழ்த்திச் சொன்னார்,
துக்கம் விசாரிக்கிறவர் மாதிரி.

ஐந்தாவது தொண்ணூற்றேழு சென்ட்.

"அம்மாவிடம் ஒரு காரட் என்று
சொல்லிவிட்டேன், ஆனலோர்"
யோரிஸ் என் காதில்.

மூன்று சென்ட் என்பது
இரண்டு எள்ளின் எடை.
அந்த இரண்டு எள் இல்லாததால்
தொள்ளாயிரம் யூரோ கீழே நின்றது விலை.
தொள்ளாயிரத்துக்கு
எங்கள் குளியலறைக்குச் சுடுநீர்ப் பெட்டி வரும்.

உள்ளே குற்றமில்லை. ஓரங்கள் கூர்மை.
நீரோட்டத்தில் மட்டும் லேசாக மஞ்சள்,
தேநீர்ப் பை ஒரே ஒருமுறை
முங்கி எழுந்த தண்ணீர் போல.
மஞ்சள் தங்கத்தில் பதித்தால்
அதுவும் தெரியாது.

"இந்த இரண்டையும் தெருவுக்குக் கொண்டுபோகலாமா?"

காப்பீடு பற்றி ஏதோ முணுமுணுத்தபடி
குடையோடு தானும் வந்தார்.

வெளியே மாலை நான்கு மணி.
எங்கள் ஊரில் பாதி வருடத்துக்கு
இந்த நேரந்தான் நடக்கும்.
கழுவாத பாத்திரமாய் வானம்.
மேலே விளக்கில்லை, கீழே வெல்வெட் இல்லை.
நான்காவதும் ஐந்தாவதும்
என் விரலிடுக்குகளில்
ஒரே சாம்பலாயின.
ஊதினேன்; இரண்டிலும் ஆவி நிற்கவில்லை.

எது எது? என்றான் யோரிஸ்.
ஷ்பீரோ குனிந்தார்.
சொன்னார்,
கொஞ்சம் தாமதித்து.

அப்போது முனையில் டிராம் ஒன்று
கிறீச்சிட்டுத் திரும்பியது.
யோரிஸ் நிமிரவேயில்லை.
"பின்பக்கம், இடது.
இன்னும் ஒரு மாதம் தாங்கும்" என்றான்.
போகிற டிராமின் சிவப்பு விளக்கு
இரண்டு கல்லிலும் ஒரு கணம் புகுந்து வெளியேறியது.

இது போதும் என்றேன்.

எதைச் சொல்கிறேன் என்று தெரியாமல்
ஷ்பீரோ என் கையையும்
அவன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.
குடை என் பக்கம் சாய்ந்தது.

தாளை மறுபடி மடித்து
பென்சிலால் 97 என்று எழுதினார்.
மோதிரம் பதித்துத் தர மூன்று வாரமாகும்.
சுடுநீர்ப் பெட்டி
செவ்வாய்க்கிழமையே வருகிறது.