வாய் நாலரை மணிக்கு

பஞ்சிகாவத்தையிலிருந்து இரவு பஸ்ஸில் வந்திறங்கியது,
பால்மாப் பெட்டிக்குள், கிழிந்த சாரத்தில் சுற்றி.
முன்பு எந்த வாகனத்தின் மூச்சோ.
கொண்டாவில் கராஜில் வைத்துப் பார்த்தால்
காற்றைத் தள்ளும் வாய்
நேரே பிரேக் பூஸ்டரில் முட்டுகிறது.

"பிழையான சாமான்," என்றான் துசியந்தன்.
பிழையில்லை.
வேறு வீட்டு வாசலைப் பார்த்துப் பழகியது.

ஆறு போல்ட்டையும் இளக்கினேன், கழற்றவில்லை.
சுத்தியலின் மரப்பிடியால் தட்டத் தட்ட
நத்தையோடு நகர்ந்தது
பன்னிரண்டு, இரண்டு, மூன்றே கால்,
நாலரை.
"காணும், காணும்!"

நடுத்துண்டில் மட்டும் கைவைக்கவில்லை.
எண்ணெய் உள்ளே வர பம்ப் தள்ளும்;
வெளியே போக ஒருவரும் தள்ளார்,
அது விழத்தான் வேணும்.
நூலில் ஒரு நட்டைக் கட்டித் தொங்கவிட்டேன்.
கீழ்த்துளை நிலத்தைப் பார்த்தது.

சில்லை விரலால் சுண்டினேன்:
சத்தமில்லை, நிற்கவும் மனமில்லை.

"ஆனையிறவில எதிர்க்காத்து பலமா அடிக்கும், தங்கச்சி,"
என்றார் வான்காரர் சவரிமுத்து.
"அதையும் குடிக்கட்டும்."

வான் கோண்டாவிச் சந்தி தாண்டி விசிலடித்துப் போனபின்
மேசையில் மிஞ்சியிருந்தது
ஒரு செப்பு வாஷர்.
துசியந்தன் என்னைப் பார்த்தான்.
நான் போனை எடுத்தேன்.