936இல் சவிரிமுத்தர்

பாசையூரில் ஆறரை மணிக்குப் பிறகு
பகல் முழுக்க அலையைக் குடிச்சுக்கொண்டிருந்த அடுக்கு கலையும்.
அதுக்கு மேல உள்ளது கண்ணாடி மாதிரி,
தூரத்துக் குரலைத் திருப்பி அனுப்பும்.
மிச்சத்தை உப்புத்தண்ணி பார்த்துக்கொள்ளும்.
இது புத்தகத்தில இருக்கிறது.

என்ர பெட்டியில இருக்கிறது வேற.
பிலோமினா வீட்டு எல்ஈடி லைற்,
மத்தியலை முழுக்க மா அரைக்கிற சத்தம்.
ஐஸ் கொம்பனி இன்வேட்டர் ஒரு நீட்டு ஊளை.
முடக்கு வீட்டுப் பெடியன்ர சார்ஜர்
எழுநூற்று இருபதைத் தின்னுது.
நேற்று இரவுச் செய்தியில
"இன்று" மட்டும் வந்து சேர்ந்தது.
இன்று என்ன நடந்ததெண்டு தெரியேல்லை.

மின்சார சபையில பில் கவுண்டரில இருக்கிறன்.
இவையளின்ர இரைச்சலுக்குப் பகலில காசு வாங்கிறது
நான்தான்.

சீ.ஆர் கொப்பியில கணக்கிருக்கு:
போன மாசி நாற்பத்தாறு நிலையம்,
இந்த மாசி முப்பத்தொண்டு.
சிலதை மூடிப்போட்டினம்.
சிலது டிஜிட்டலாகி, என்ர பெட்டிக்கு வெறும் மழை.
ஒரு அரபும் ஒரு தெலுங்கும்
ஒரே கதிரையில இருந்து தள்ளுப்படுகினம்.

936இல தை மாதத்திலிருந்து புதுசா ஒண்டு.
ஏறும். நிக்கும். இறங்கும். திரும்ப ஏறும்.
பெட்டிக்குள்ள ஒரு கறுப்புக் குச்சி இருக்கு,
அதின்ர முனை இரைச்சலை நேர பாத்தால்
இரைச்சல் செத்துப்போகும்.
அப்பிடித் திருப்பித் திருப்பி
நைற்றியோட ஒழுங்கை வழிய நடந்தன்.
முனை போய் நிண்டது சவிரிமுத்தர்ர யன்னலில.
முப்பது வருசம் கடலட்டைக்குச் சுழியோடின நெஞ்சு.
ஆஸ்பத்திரி இரவல் குடுத்த ஒக்சிசன் மெசின்.
எமிலியா எட்டிப் பாத்து, "என்ன பிள்ளை, இந்த நேரம்?"
"நாயைத் தேடிறன்" எண்டன்.
எங்களிட்டை நாய் இல்லை.

அந்த நாளையில வடிவாக் கேக்கும் எண்டு
ஆக்கள் சொல்லுவினம்.
கேட்டதுதான்.
ஐஞ்சு வருசம் கரண்ட் இல்லை.
சைக்கிளைக் கவிட்டு டைனமோ சுத்திச் செய்தி கேட்டம்,
ஒருத்தர் பெடலில, நாலு பேர் காதில.
ஒரு இரைச்சலும் இல்லை.
இரையிறதுக்கு ஒரு வீட்டிலயும் ஒண்டுமில்லை.
அந்தச் சுத்தத்தை எனக்குத் தரவேண்டாம்.

பங்குனி பதினெட்டு, பன்னிரண்டு பத்துக்கு
ஊர் முழுக்கக் கரண்ட் போச்சு.
பாயை உதறின மாதிரி எல்லா இரைச்சலும் விழுந்தது.
936இல ஒரு பொம்பிளை.
எனக்குத் தெரியாத மொழி.
மீன்விலையோ, காற்றோ, ஆரின்ர பேரோ,
அவசரமில்லாமல் வாசிச்சுக்கொண்டிருந்தா.
மங்கினா, திரும்ப வந்தா,
அடுத்த அறையில இருந்து கதைக்கிற மாதிரி.

நாற்பது விநாடி கேட்டன்.
பிறகும் பிறகும் அதை எண்ணிப் பாக்கிறன்.
ஏறி இறங்கினது ஏன் நிண்டதெண்டு யோசிக்க
எனக்கு நாற்பது விநாடி எடுத்தது.

ஓடினன்.
சிலிண்டர் இருந்தது, திறக்கிற சாவியைக் காணேல்லை.
பிலோமினாவின்ர மகன் போன் வெளிச்சத்தில
குறடு கொண்டு வந்தான்.
சீறிக்கொண்டு காத்து வந்தது.
சவிரிமுத்தர் கண்ணைத் திறந்து
பெருவிரலை மேல காட்டினார்.
நல்லம் எண்டுறார் எண்டு பெடியன் சிரிச்சான்.
சுழியோடியளுக்கு அதுக்கு வேற கருத்து:
மேல வாறன்.

கொப்பியில இப்பிடித்தான் கிடக்கு:
00.10. 936. பெண் குரல். மொழி தெரியாது.
தெளிவு ஐஞ்சுக்கு ஐஞ்சு.
நாற்பது விநாடி எண்டு எழுதேல்லை.

அடுத்த நாள் இரவு
முனையை யன்னலுக்குக் குறுக்கால திருப்பி
மேசையில வைச்சன்.
ஏறிச்சுது. நிண்டுது. இறங்கிச்சுது.
வேற ஒரு நிலையத்துக்கும் இடமில்லை.
சத்தத்தைக் கொஞ்சம் கூட்டிப்போட்டு
சோத்தைப் போட்டன்.