இறங்காத ஊர்

ஒன்பது மாதக் கப்பல் முடிந்து வந்தவர்
நாலாம் நாள் காலை, பல் விளக்கிக்கொண்டே சொன்னார்:
"இன்னிக்கு எல்லாரும் வால்பரைசோ போறோம்."
ஷைனி பாஸ்போர்ட் எங்கே என்றாள்.
ஜெரோம் சாக்ஸ் தேடினான்.
நான் பாலை இறக்கிவைத்தேன்.

"அந்த ஊர்ல மலைக்கு மலை லிஃப்ட்.
காசு குடுத்தா ஏத்திவிடும்."
வண்ணாரப்பேட்டை மெட்ரோவில்
மூன்று முறை இறங்கி ஏறினோம்.
நாலாம் முறை செக்யூரிட்டி அம்மா,
"எங்க போவணும்?"
"சிலி" என்றான் ஜெரோம்.
"அது இந்த லைன்ல வராதுப்பா."

அங்கே சுவரெல்லாம் சித்திரமாம்.
இங்கேயும்தான்:
கட்சிச் சின்னத்தின் மேல் கண்ணீர் அஞ்சலி,
அதன் மேல் மஞ்சள் நீராட்டு விழா,
ஓரமாய் உரிந்த இடத்தில் பழைய சின்னத்தின் ஒரு விரல்.
அதன் முன் நிற்கவைத்து எங்களைப் போட்டோ எடுத்தார்.

"சோமாசுக்குள்ள கறி வெச்சு விப்பான்."
கல்மண்டபத்தில் சமோசா வாங்கி, பிளந்து,
உருளைக்கிழங்கைத் தோண்டி நாய்க்குப் போட்டு
பீஃப் வறுவலை அடைத்துக் கொடுத்தார்.
நாய் மோந்து பார்த்துவிட்டு
எங்கள் கையையே பார்த்தது.
அங்கத்து நாயும் அப்படித்தானாம்.

காசிமேட்டில்
வலைக்குவியல் மேல் வயிறு தெரியப் படுத்திருந்த
விசைப்படகுக்காரர்களைக் காட்டி,
"கடல்சிங்கம்" என்றார் மெதுவாக.
ஒரு சிங்கம் ஒரு கண் திறந்து,
"யார்ரா அது?" என்றது.
ஓடினோம்.
இத்தனை வருஷத்தில் நான் ஓடி அவர் பார்த்ததில்லை.

வெயில் சாய, கருங்கல் கொட்டிய கரையில் உட்கார்ந்தோம்.
துறைமுகத்துப் பக்கம்
சிவப்பு நீலம் காவி பச்சையாய்
அஞ்சடுக்கு கன்டெய்னர்கள்.
"மலைமேல வீடுங்க இப்படித்தான்" என்றார்.
"உள்ள போய்ப் பாத்தீங்களாப்பா?"

கல்லில் ஒட்டியிருந்த சிப்பியை நகத்தால் நெம்பினார்.

"எறங்கவே வுடலம்மா.
மூணு நாள் டெக்குல நின்னு பாத்தேன்.
லிஃப்டு ஏறும், எறங்கும்.
மிச்சமெல்லாம்
சமையக்காரரு போயிட்டு வந்து சொன்னது."

ஷைனி என்னைப் பார்த்தாள்.
எனக்குத் தெரியும் என்று சொல்லவில்லை.
அந்த மூணு நாளும் போனில்
அவர் குரலுக்குப் பின்னால்
ஊர்ச் சத்தம் எதுவும் கேட்கவில்லை,
எஞ்சின் மட்டும்தான்.

இருட்டிவிட்டது.
கடலுக்குள் நங்கூரமிட்ட கப்பல்களில் விளக்கு,
ஒன்று, மூன்று, ஏழு.
"அதுல ஆளு இருக்காங்களா?"
"இருபது, இருபத்திரண்டு பேரு."
"அவங்கள எறங்க வுடுவாங்களா?"
"தெரியல."
"அங்கேர்ந்து நம்மூரு எப்படித் தெரியும்?"

திரும்பிப் பார்த்தோம்.
கோயில் கோபுரத்து நீலக்குழல் விளக்கு,
மாதாகோயில் சிலுவை,
எண்ணூர் சாலையில் நகராத லாரிகளின் சிவப்பு,
யாரோ ஒருத்தி மாடியில்
துணி எடுக்கப் போட்ட பல்பு.
நான் இந்த ஊரை
இந்தப் பக்கத்திலிருந்து பார்த்ததேயில்லை.

ஜெரோம் என் போனைப் பிடுங்கி
டார்ச்சைப் போட்டு, அணைத்து, போட்டு
கப்பலைப் பார்த்துக் கத்தினான்:
"அண்ணா! இங்க சமோசாவுல கறி!"

அலைக்கு அது கேட்டிருக்கும்.
"சார்ஜ் நாலு பர்சன்ட்தான் இருக்கு" என்றேன்.
"இருக்கட்டும், வுடு" என்றார் பெலிக்ஸ்.