நாலாவது பாட்டில்

திங்கள் முதல் சனி வரை
தண்ணீர் குடிக்கச் சொல்வதற்கு
எனக்குச் சம்பளம்.
சேஃப்டி ஆபீசர்.
சைட் கழிவறைக் கதவில் நான் ஒட்டிய அட்டையில்
சிறுநீரின் எட்டு நிறங்கள்.
நீர்மோரின் தெளிவில் தொடங்கி
கடுங்காப்பியில் முடியும்.
"அண்ணே, இன்னிக்கு நீங்க எத்தனாம் நம்பர்?"
சாரம் கட்டும் பையன்கள்
என்னைக் கண்டாலே கேட்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஷவ்காவுக்குப் போனோம்,
நவ்ஷாதின் பழைய நிசான் சன்னியில்.
நவ்ஷாத், நான், கணக்குப் பிரிவு மேகவண்ணன்.
ஆளுக்கு நாலு பாட்டில் வாங்கியிருந்தோம்.
"ஏப்ரல்தானே, கனக்கும், மூணு போதும்."
நாலாவது டிக்கியில் கிடந்தது.
மூணு போதும் என்றது
நான்.

கவிழ்த்த இருப்புச் சட்டி மாதிரி மலை.
கீழேயும் அடுப்பு, மேலேயும் அடுப்பு.
வியர்த்ததே தெரியவில்லை.
தோலுக்கு வருமுன் காற்று வாங்கிக்கொண்டு
உப்பை மட்டும்
சட்டையில் எழுதிவிட்டுப் போனது.

பாறைக் குழியில் தண்ணீர் இருக்கும் என்று
யாரோ சொல்லியிருந்தார்கள்.
வெடித்த சேறு இருந்தது.
கழுதைக் குளம்பு ஒன்று பதிந்திருந்தது.
தண்ணி காட்டுவது என்று
ஊரில் ஏன் சொல்கிறார்கள் என
அப்போது புரிந்தது.

வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்த மேகவண்ணன்
ஒரு திருப்பத்தில் பேச்சை நிறுத்தினான்.
நிம்மதியாக இருந்தது, அதுதான் என் தப்பு.
பிறகு கேட்டான்:
"ஜெனரேட்டரை யாருடா நிறுத்துனது?"

மலையில் ஜெனரேட்டர் இல்லை.
நெற்றியைத் தொட்டேன்.
காய்ந்த தோசைக்கல்.
ஃபோனில் ஒரு கோடும் இல்லை.

வேலமரம் போல ஒன்று,
ஒரே ஆளுக்கான நிழல்.
அவனைக் கிடத்தி ஷூவைக் கழற்றினோம்.
கடைசி பாட்டிலைக்
கழுத்திலும் அக்குளிலும் ஊற்ற
என் கையே எனக்கு இடம் கொடுக்கவில்லை.
நவ்ஷாத் பிடுங்கி ஊற்றினான்.
தொப்பியால் விசிறினான், விசிறினான்,
நாற்பது நிமிடம்.

"ஏன்டா தண்ணிய வீணாக்குற?"
கணக்குப் பிரிவு திரும்பி வந்துவிட்டது.
நவ்ஷாத் அழுதான்.
மிச்சத்தை மடக்கு மடக்காகக் கொடுத்தோம்.

உச்சி அங்கிருந்து இருநூறு அடி இருக்கும்.
யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை.
வெயில் பாறைக்குப் பின்னால் சாய்ந்ததும்
அவனை நடுவில் விட்டு இறங்கினோம்,
ஆளுக்கொரு தோள்.

டிக்கியில் அந்த மூன்று பாட்டில்கள்.
தேநீர்ச் சூடு.
எப்போதும் உதடு படாமல்
அண்ணாந்து குடிப்பவர்கள் நாங்கள்.
அன்று ஒரே பாட்டிலை
மூன்று வாய் கவ்வியது.
தைத் கிளினிக்கில் அவனுக்கு ட்ரிப் ஏறும்வரை
நவ்ஷாத் தொப்பியைக் கீழே வைக்கவில்லை.

திங்கள் காலை.
"அண்ணே, எத்தனாம் நம்பர்?"
"எட்டு."
பையன் சிரித்தான்.
அவன் இடுப்பில் தொங்கிய பாட்டிலை
வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன்.
மணி ஏழரைதான்.
பாதி இருந்தது.
போய் நிரப்பிக்கொண்டு வா என்றேன்,
நிரப்பிக்கொண்டு வரும்வரை
அங்கேயே நின்றேன்.