ஆம்

இந்தியில் அந்த வால் கிடையாது.
தாராவியில் எல்லார் வாயிலும் உண்டு:
ஓடிட்டாளாம். செத்துட்டானாம். நாளைக்குத் தண்ணி வராதாம்.
ஒட்டிவிட்டால் போதும்,
சொன்னவர் மேல் பழி இல்லை.

நான் எழுதுவது திரையின் அடியில் ஓடும் வரி.
லோயர் பரேல், ஏழாம் மாடி, இரவுப் பணி.
அங்கே வாலுக்குப் பதிலாக
'கதித்' என்றொரு சொல் வைத்திருக்கிறோம்.
கதித் ஊழல். கதித் ஒலிப்பதிவு.
பராஞ்ச்பே சார் உப்பு மாதிரி அள்ளிப் போடுவார்.

பதிவு வந்தது திங்கட்கிழமை.
நாற்பத்தொரு நொடி.
பின்னால் மின்விசிறி கிறீச்சிடுகிறது,
யாரோ கரண்டியால் டீ கலக்குகிறார்கள்,
பாவூ சிரித்துக்கொண்டே சொல்கிறார்:
"குடிசைக்காரனுக்குச் சாவி எதுக்கு? பூட்டு போதும்."

சாவி நிதி. வீட்டுக்குப் பதினோராயிரம்.
இன்னும் கட்டாத கட்டடத்தின் கதவுக்கு.
ரசீதோடு ஆளுக்கொரு சாவிவளையம் தந்தார்கள்,
பிளாஸ்டிக்குக்குள் பாவூ கைகூப்பி நிற்க.

காதில் மாட்டி நாற்பது முறை கேட்டேன்.
'குலுப்' என்று மராத்தியில் பூட்டைச் சொல்லுமுன்
ஒரு சின்ன இருமல்.
நைன்ட்டி ஃபீட் ரோட்டில்
கூட்டத்துக்குக் கூட்டம் ஒலிபெருக்கி இருமிய
அதே இருமல்.

திங்கள் இரவு என் வரியில் மழை ஓடியது,
ஹார்பர் ரயில் தாமதம் ஓடியது.
செவ்வாய்: குரலை இயந்திரம் செய்தது.
புதன்: குரல் அவருடையது, வெட்டி ஒட்டியது.
வியாழன்: வெட்டவில்லை, விளையாட்டுக்குச் சொன்னது.
சமீரா கானோல்கர் இரவுக்கிரவு
ஒரே கோபத்தைப் புதுப் புடவையில் எடுத்து வந்தாள்.

அடுத்த வாரம் பாவூவின் விளம்பரம் நின்றது.
பில் பாக்கி என்று மூன்றாம் மாடியில் பேச்சு.
(பாக்கியாம்.)
பராஞ்ச்பே சார் என் மேசைக்கு வந்து
விரலால் திரையைத் தொட்டார்:
"இந்தக் கதித்தை எடுத்துடு."
எடுத்தேன். வரி மூன்றெழுத்து குறைந்து
இன்னும் வேகமாக ஓடியது.
சமீராவின் கோபம் அப்படியே இருந்தது,
முகம் மட்டும் வேறு பக்கம் திரும்பியிருந்தது.

அக்காள் புருஷன் தவசிமுத்து
பை தைக்கும் பட்டறையில் டிவியை அணைத்தார்.
"உங்க சேனல் விலபோயிட்டுல்லா."
"போன வாரம் வரைக்கும் நல்லாத்தானே இருந்துது அத்தான்?"
"போன வாரம் உண்மையச் சொன்னீங்க."

இரண்டு வீட்டுக்குக் கட்டியவர்.
அக்காளின் சங்கிலி அடகில்.
வெள்ளம் வந்த வருஷம்
இடுப்பளவுத் தண்ணீரில் பாவூ தானே நடந்து வந்து
அவர் மகளைத் தோளில் ஏற்றிப் போன படம்
தையல் எந்திரத்துக்கு மேலே.
அது பொய்யில்லை. நானும் அங்கே நின்றேன்.
நாற்பத்தொரு நொடிக்கு எதிரே
அவர் வைப்பது அந்தத் தோளைத்தான்.
இதை எந்த வரியில் ஓட்ட?

பட்டறைப் பையன் எட்வின் வளையத்தை விரலில் சுழற்றி
"சாவி வரல, சுத்தவாச்சும் ஆவுது" என்றான்.
அத்தான் அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்.
ஆதரவுக் கூட்டத்துக்கு லாரி வந்தபோது
முதலில் ஏறியதும் அவர்தான்.
எப்போதும் கோஷத்தை எடுத்துக் கொடுப்பவர்.
அன்று கம்பியைப் பிடித்துக்கொண்டு
சும்மா நின்றார். பார்த்தேன்.

நேற்று ஆபீஸ் வண்டி இறக்கிவிட்டபோது மணி இரண்டரை.
பட்டறைப் படியில்,
பீடி அணைந்தது தெரியாமல் உட்கார்ந்திருந்தார்.
அந்த வளையத்தில் பட்டறைச் சாவியைக் கோத்திருக்கிறார்.
கட்டைவிரல் தேய்த்துத் தேய்த்து
பாவூவின் முகம் வெளுத்துவிட்டது.

என்னைப் பார்க்காமல் பூட்டைப் பார்த்துக் கேட்டார்:
"நீ ஹெட்போன்ல கேட்டிருப்பல்லா.
அந்தக் குரல்...
அவரோடதுதானா?"

சாக்கடையில் ஒரு எலி குதித்தது.
எங்கள் மொழியில் ஒரே சொல்தான்.
தனியே நின்றால் சத்தியம்,
இன்னொன்றின் வாலில் தொங்கினால் வதந்தி.

"அவரோடதுதானாம்" என்றேன்.