கையெழுத்துப் பொருந்தவில்லை

ஏலுமான நாளில்தான்
ஏலாது என்று சொல்லப் போகலாம்.
ஏலாத நாளில்
முத்தையன்கட்டிலிருந்து ஒட்டுசுட்டானுக்கு
ஆர் என்னைத் தூக்கிக்கொண்டு போறது?

அதனால் இன்று போனேன்.
சேலைக்குப் பின் குத்த மட்டும்
முக்கால் மணித்தியாலம்.
"பார்க்க நல்லாத்தானே இருக்கிறியள்"
என்றார் உத்தியோகத்தர்.
நன்றி சொல்வதா என்று
ஒரு கணம் யோசித்தேன்.

படிவத்தில் ஓர் ஆளின் படம், முன்னும் பின்னும்.
பாதிக்கப்பட்ட இடத்தில் புள்ளடி இடவும்.
விடிய முழங்கையில் உளைவு,
பத்து மணிக்குத் தோள்மூட்டுக்கு ஏறிவிடும்,
பின்னேரம் உள்ளங்கால் எரியும்,
இரவில் எங்கே என்றே பிடிபடாத ஒரு குத்து.
பேனையை வைத்துக்கொண்டு
எந்த மணியைக் குறிப்பது?
படத்திலிருந்தவனுக்கு முகம் இல்லை.
அவனுக்கு நோகாது.

மாஞ்சோலை ஆஸ்பத்திரித் துண்டுகளை நீட்டினேன்.
எக்ஸ்ரே சுத்தம். இரத்தமும் சுத்தம்.
"ஒண்டும் இல்லை, பயப்பிடாதையுங்கோ" என்று
டொக்டர் சிரித்த அன்று
குழாயடியில் நின்று அழுதேன்.
ஒன்றும் இல்லாததற்கு
நாளுக்கு ஆறு குளிசை.

வாங்கில் பக்கத்தில் பசுபதி அண்ணை.
வலது கால் முழங்காலோடு சரி.
போன மாதக் காசு வரவில்லையாம்.
"இல்லாத காலுக்குத்தான் பிள்ளை தாறாங்கள்,
அது ராவில நோகிறதுக்கு இல்லை.
பெருவிரல் நகத்துக்குக் கீழ,
ஊசி ஏத்தின மாதிரி."
சொல்லிவிட்டு
ஊன்றுகோலை மற்றப் பக்கம் மாற்றி
எனக்கு இடம் விட்டார்.

கூப்பிட்டார்கள்.
வங்கிப் புத்தகத்தில் நேசமலர்
ஒரே இழுப்பில் ஓடியிருக்கிறாள்.
விண்ணப்பத்தில்
ஒவ்வொரு எழுத்தும் கோபித்துக்கொண்டு
தள்ளித் தள்ளி நிற்கிறது.
"இது நீங்கள் வைச்சதோ?"
"ஓம் சேர். விரல் மடங்கேல்லை.
அதைச் சொல்லத்தான் வந்தனான்."
"பொருந்தாட்டி மேல அனுப்பேலாது அக்கா.
கை நல்லா இருக்கிற நாளாப் பார்த்து
இன்னொருக்கா வாங்கோ."

ஒன்றரை மணி பஸ்.
மாற்றுத்திறனாளிகளுக்கென்று எழுதிய சீற்றில்
ஒரு தவிட்டு மூட்டை.
இறக்கச் சொல்ல என்னிடம் அட்டை இல்லை.
இடக் கையால் கம்பியைப் பிடித்து நின்றேன்.
வலக் கை, சேலை மடிப்பில்,
தன்பாட்டில்
என் பெயரை எழுதிப் பழகிக்கொண்டிருந்தது.
புளியங்குளம் ரோட்டுக் குழிகளில் அழிந்து அழிந்து.

'ல' இன்னும் சரிவரவில்லை.